படத்தைச் சதுரமாக்குவது யார் வேலை?

போன மாதம் அப்பாவைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதினேன். கூடவே 1987ல் அவருடைய அலுவலகத்தில் எடுத்த குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து போட்டிருந்தேன். 12க்கு 8 அங்குலம், கறுப்பு வெள்ளை. முன்னால் நாற்காலிகளில் அதிகாரிகள், பின்னால் இரண்டு வரிசை. கடைசி வரிசையில் பதினோரு பேர். அப்பா அங்கே அட்டெண்டர். வலது கோடியில் நிற்கிறார். பதிவை ஏற்றிவிட்டு முகப்புப் பக்கத்துக்கு வந்து பார்த்தால், தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சதுரப் படத்தில் அப்பாவைக் காணோம். அவரைப் பற்றிய பதிவுக்கு அவர் இல்லாத படம்! மேலதிகாரி மட்டும் நட்டநடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

இதற்காகத் தளத்தின் மேல் கோபப்பட எனக்குத் தகுதி கிடையாது. இதே நிரலை நானே ஒரு ப்ராஜெக்டில் எழுதியிருக்கிறேன். அகலத்திலிருந்து உயரத்தைக் கழி, மிச்சத்தைப் பாதியாக்கு, இரண்டு பக்கமும் அவ்வளவு வெட்டு. மூன்றே வரி. டெஸ்டிங்குக்குச் செருப்பு, சட்டை, மிக்ஸி படங்களைப் போட்டுப் பார்த்தோம். விற்பனைக்கு எடுத்த படத்தில் பொருள் நடுவில்தானே இருக்கும்? எல்லாம் பாஸ். மனுஷங்க நிற்கிற படத்தை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

கணக்கு ரொம்ப எளிது. 3:2 படத்தைச் சதுரமாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 4:3 என்றால் கால் பங்கு. 16:9 என்றால் கிட்டத்தட்ட 44 சதவீதம். அதே சதுரத்தைப் ப்ரொஃபைல் படத்துக்காக வட்டமாக்கினால் அதிலும் 21 சதவீதத்துக்கு மேல் கழியும். 3:2 படம் வட்டத்துக்குள் போய்ச் சேரும்போது தேறுவது பாதியும் கொஞ்சமும்தான். அப்பா படத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் போயிற்று. பதினோரு பேரில் ஏழு பேர் மிச்சம்.

இழந்த பரப்பை விட, அது எந்தப் பரப்பு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நம்மூர் குரூப் போட்டோவில் நடு என்பது ஒரு பதவி. அதிகாரியோ தலைமையாசிரியரோ நடுவில், அவருக்கு இரண்டு பக்கமும் அடுத்தடுத்த கிரேடு, கோடியில் அட்டெண்டர், வாட்ச்மேன். போட்டோகிராபர் யாரையும் கேட்காமலே இந்த வரிசை தானாக அமைந்துவிடும். நடுவை மட்டும் வைத்துக்கொள்ளும் நிரலுக்குப் பதவி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விளைவைப் பார்த்தால் கடைநிலை ஊழியர்களைத் தேடிப் பிடித்து நீக்கியது போலவே இருக்கிறது.

சதுரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. 1929ல் வந்த ரோலிஃப்ளெக்ஸ் சதுரப் படம்தான் எடுத்தது. இடுப்பளவில் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா அது. சதுரம் என்பதால் சாய்த்துப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சிகாகோ தெருக்களில் விவியன் மேயர் எடுத்த சதுரங்களைப் பாருங்கள், ஓரத்தில் இருக்கும் ஒரு கையைக்கூட எடுத்துவிட முடியாது. அவர் சதுரத்துக்குள் பார்த்துக்கொண்டுதான் பட்டனை அழுத்தினார்.

எடுத்த பிறகு வெட்டுவதும் பாவமில்லை. 1960ல் அல்பர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேரா படம் முதலில் அகலவாக்கில் இருந்தது. ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் பனையோலை. கோர்டா இரண்டையும் வெட்டினார். நமக்குத் தெரிந்த சே அப்படிக் கிடைத்தவர்தான். அந்த வெட்டு சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம், ஏனென்றால் வெட்டியது யார் என்று தெரியும்.

2010ல் இன்ஸ்டாகிராம் சதுரத்தைச் சட்டமாக்கியபோதும் ஆரம்பத்தில் இதே நிலைமைதான்: படம் போடுகிறவரே விரலால் நகர்த்தி எது வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனாலும் நிறைய பேர் வெள்ளைப் பட்டை சேர்த்து முழுப் படத்தையும் உள்ளே நுழைத்தார்கள். ஐந்தில் ஒரு பதிவு சதுரமாக இல்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2015 ஆகஸ்டில் மற்ற வடிவங்களையும் அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால், 2025 ஜனவரியில் ப்ரொஃபைல் பக்கத்தின் கட்டங்களை நெட்டுவாக்கில் மாற்றிவிட்டார்கள். அவர்கள் சொன்னபடி பல வருஷமாகச் சதுரமாகவே போட்டவர்களின் படங்களுக்கு இப்போது இரண்டு பக்கமும் வெட்டு.

‘நடுவை வெட்டினால்தானே பிரச்சினை, முக்கியமானதைக் கண்டுபிடித்து வெட்டலாமே’ என்று எந்த எஞ்சினியருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ட்விட்டர் 2018ல் அதைத்தான் செய்தது. மனிதர்களின் கண் படத்தில் எங்கே போய் நிற்கிறது என்ற தரவை வைத்துப் பழக்கிய மாடல். 2020ல் பயனர்கள் ஒரு நீளப் படத்தின் ஒரு முனையில் ஒபாமாவையும் மறுமுனையில் மிட்ச் மெக்கானலையும் வைத்துப் பார்த்தார்கள். அது மெக்கானலையே காட்டியது. அடுத்த ஆண்டு நிறுவனம் தானே சோதித்து, வெள்ளையர் பக்கம் 4 சதவீதமும் பெண்கள் பக்கம் 8 சதவீதமும் சாய்வு இருப்பதாக வெளியிட்டது. பிறகு தவறு கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு என்று ஒரு போட்டி. கூட்டமாக நிற்கும் படங்களில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வெட்டுப்படுகிறார்கள் என்று அதில் ஒரு குழு காட்டியது. எப்படி வெட்டுவது என்பதை மனிதர்களிடமே விடுவது நல்லது என்று முடிவெடுத்த ட்விட்டர் அதற்குள் படங்களை முழுசாகக் காட்டத் தொடங்கியிருந்தது. தன் கருவி தோற்றதை எண்ணோடு அச்சிட்டதற்காக அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

மற்ற வழிகள்? இழுத்துச் சதுரமாக்கினால் எல்லோருக்கும் முகம் ஒடுங்கிவிடும். பிரவுசரை ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது செய்வது இதைத்தான். காலி இடத்தில் அதே படத்தைக் கலங்கலாக்கி நிரப்புவது டிவி சேனல்கள் செய்வது. பார்த்தாலே எனக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தோன்றும். எந்தப் புள்ளியை விடக்கூடாது என்று படம் ஏற்றுகிறவரையே தொடச் சொல்லலாம். பத்து நிமிஷ வேலை, நான் எழுதாமல் விட்டது.

அதைத்தான் இப்போது என் பதிவுக்குச் செய்தேன். சதுரத்தை வலது கோடிக்குத் தள்ளினேன். அப்பா வந்துவிட்டார். அம்மாவிடம் காட்டினேன்.

"அந்தப் பக்கம் நின்னவங்க எங்கடா? அப்பா கூடவே டிபன் கொண்டு போவாரே, வாட்ச்மேன் அண்ணன், அவர் இந்தக் கோடியிலதானே நிப்பாரு?"

இடது பக்கம் நாலு பேர் போயிருந்தார்கள். சதுரத்தை எடுத்துவிட்டு, மேலும் கீழும் வெள்ளைப் பட்டை வைத்து முழுப் படத்தையும் போட்டிருக்கிறேன். முகங்கள் கடுகு மாதிரி இருக்கின்றன, தொட்டால் பெரிதாகும்.