‘ஐ ஆம் சோ கிளாட்’: ஒரு புளூஸ் பாடலின் பின்னணியும் ஆக்கவுரிமைச் சிக்கலும்

1966ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனில் வெளிவந்த ‘ஃபிரெஷ் கிறீம்’ என்னும் இசைத்தட்டு, புளூஸ் றொக் எனப்படும் இசைவகையின் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. எரிக் கிளாப்டன், ஜாக் புறூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகிய மூவரும் அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே ‘கிறீம்’ என்னும் குழுவாக இணைந்திருந்தனர். அக்குழுவின் பிற்காலப் பாடல்கள் சில உலகப் புகழ் பெற்றன. இத்தட்டிலுள்ள ‘ஐ ஆம் சோ கிளாட்’ என்னும் பாடல் அத்துணைப் புகழ் பெற்றதன்று; றொக் இசையில் ஈடுபாடுடையோரிலும் பலர் அதனைக் கேட்டுக் கடந்து சென்றிருப்பர். ஆயினும் அப்பாடலை ஆக்கியவராகக் குறிக்கப்பட்ட ‘ஸ்கிப் ஜேம்ஸ்’ என்னும் பெயர், முப்பத்தைந்து ஆண்டுக் கால வரலாறொன்றுக்கு வாயிலாக அமைகின்றது.

புளூஸ் றொக் பற்றி எழுதுவோர் பொதுவாக இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்வர். கறுப்பின மக்களின் படைப்பை வெள்ளை இளைஞர் கவர்ந்து செல்வம் ஈட்டினர் என்பது ஒன்று. மறக்கப்பட்ட கலைஞரை உலகறியச் செய்த தொண்டு அது என்பது மற்றையது. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆயின் நாம் எடுத்துக்கொண்ட பாடலின் பின்னணியை நுணுகி நோக்குமிடத்து இவ்விரண்டுமே போதாதனவாய்த் தோன்றுகின்றன. அதனாலேயே இப்பாடல் ஆராய்ச்சிக்கு உகந்ததாகின்றது.

நெஹமாயா கேட்டிஸ் ஜேம்ஸ் என்னும் இயற்பெயருடைய ஸ்கிப் ஜேம்ஸ், 1902ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள பென்டோனியா என்னும் சிற்றூரை அடுத்த பெருந்தோட்டமொன்றில் பிறந்தார். அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்த போதிலும், நிலவுடைமையாளருக்கும் விளைச்சலில் பங்குபெறும் குத்தகையாளருக்கும் இடையிலான உறவு, கடன் என்னும் தளையினால் பழைய நிலையினின்றும் பெரிதும் மாறாதிருந்தது. ஜேம்ஸின் தந்தை கள்ளச் சாராயம் விற்றுப் பின்னர் சமய போதகரானவர். ஜேம்ஸ் தாமும் 1920களில் வீதி அமைப்பிலும் ஆற்றங்கரை அணைவேலையிலும் கூலியாளாக உழைத்தார். மதுவும் சமயமும், பாவமும் மீட்பும் என்னும் இருமை அவர் வாழ்விலும் குரலிலும் இறுதிவரை நீங்காதிருந்தமைக்கு இப்பின்னணியே காரணம் எனலாம்.

பென்டோனியாப் பகுதிப் பாடகர் கிற்றாரின் தந்திகளைச் சிறிய மூன்றாம் சுரம் ஒலிக்கும் வகையிற் சுருதி கூட்டும் வழக்கமுடையவர்கள். தந்திகளை விரலால் அழுத்தாது மீட்டினாலே துயரச் சாயல் கொண்ட ஒலிக்கூட்டு எழும். ஜேம்ஸின் பாடல்கள் பிற மிசிசிப்பிப் பாடகரின் முரட்டுத்தன்மை இன்றி, மெலிந்து உயர்ந்த குரலில், ஏறக்குறையப் பேய்த்தன்மை வாய்ந்தனவாக ஒலிப்பதற்கு இச்சுருதியமைப்பு ஒரு காரணமாகும்.

1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜாக்சன் நகரில் இசைக்கருவிக் கடை நடத்திய எச். சி. ஸ்பியர் என்னும் வெள்ளையர் அவரைத் தேர்ந்தெடுத்து, விஸ்கொன்சின் மாநிலத்துக் கிராஃப்டன் என்னுமிடத்திற்கு அனுப்பினார். ‘பரமவுண்ட்’ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் அங்கிருந்தது. நாற்காலி முதலிய தளபாடங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றின் கிளையே அந்நிறுவனம் என்பது சிந்திக்கத்தக்கது. ஒலிபெருக்கிப் பேழைகளைச் செய்து விற்ற தொழிலதிபர், அப்பேழை விலைபோவதற்குத் தட்டும் வேண்டுமென்று கண்டு தட்டுத் தொழிலில் இறங்கினர். கறுப்பின மக்களின் ஒப்பற்ற கலைச்செல்வத்தின் ஒரு பெரும்பகுதி இவ்வாறு தளபாட வணிகத்தின் துணைவிளைவாகவே நமக்கு எஞ்சியது. மலிவான அரக்குக் கலவையில் அச்சிடப்பட்ட அத்தட்டுகளின் இரைச்சலை இன்றும் கேட்கலாம்.

ஜேம்ஸ் அங்கே பதிவு செய்தவற்றுள் பதினெட்டுப் பாடல்கள் இன்று கிடைக்கின்றன. ஆனால் அது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். தட்டு வாங்குவதற்குக் கூலியாளர் கையிற் பணமில்லை. ஓரளவேனும் விற்பனையாகியிருக்க வேண்டிய தட்டுகள் விலைபோகவில்லை. அடுத்த ஆண்டே பரமவுண்ட் ஒலிப்பதிவை நிறுத்திக்கொண்டது. ஜேம்ஸுக்குக் கிட்டிய வருவாய் சொற்பமே. அவர் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சென்று தந்தையாரோடு இணைந்து சமயப் பணியில் ஈடுபட்டார். அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேலாக அவர் குரல் எத்தட்டிலும் ஒலிக்கவில்லை.

இனிப் பாடலை நோக்குவாம். ‘ஐ ஆம் சோ கிளாட்’ என்பது ‘நான் மிக மகிழ்கிறேன்’ எனப் பொருள்படும். ஜேம்ஸின் ஏனைய பாடல்களிலே பேயும் வறுமையும் பிரிவும் பேசப்பட, இதன் தலைப்போ மகிழ்ச்சியைக் கூறுகின்றது. ஆயினும் பாடலினுட் புகுந்தால் அழுதழுது களைத்த ஒருவனின் கூற்றே அங்குளது. மகிழ்ச்சி என்னும் சொல்லும் களைப்பு என்னும் சொல்லும் அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று மறுக்கின்றன. இம்முரணைச் சிலர் புளூஸ் உளப்பாங்கின் ஆழம் என்று விதந்துரைப்பர். இம்முரணுக்கு வேறொரு விளக்கமும் உண்டு.

1927ஆம் ஆண்டில் ஜோர்ஜ் லிட்டில், ஆட் சைஸ்மோர் என்னும் இருவர் ‘சோ டயேட்’ என்ற தலைப்பில் வணிக மெல்லிசைப் பாடலொன்றை ஆக்கினர். ‘மிகக் களைத்தேன்’ என்பது அதன் பொருள். மறு ஆண்டில் ஜீன் ஒஸ்டின் என்னும் வெள்ளைப் பாடகரும் லொனி ஜோன்சன் என்னும் கறுப்பினக் கிற்றார்க் கலைஞரும் அதனைத் தனித்தனியே பதிவு செய்தனர். ஜேம்ஸின் பாடலுக்கு இதுவே மூலம் என்பதை, 1994இல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஸ்டீவன் கால்ட் எடுத்துக்காட்டியுள்ளார். ஆகவே களைப்பு என்னும் சொல் பழைய பாடலின் எச்சம். மகிழ்ச்சி என்னும் சொல் ஜேம்ஸ் மேலிட்ட புதுப்பூச்சு. இரண்டும் பொருந்திய இடத்துத் தையல் வெளிப்படையாகவே தெரிகின்றது. அத்தையலை மறைக்க அவர் முயலவில்லை என்பதே என் கருத்து. தலைகீழாக்கப்பட்ட தலைப்பைச் சுமந்துகொண்டு, மந்தமான காதற்புலம்பலொன்று மூச்சுவாங்க ஓடும் பாடலாக மாறிற்று. ஒற்றைக் கிற்றாரில் அவர் விரல்கள் காட்டும் விரைவு, மகிழ்ச்சியை விட வெறியையே உணர்த்துகின்றது. மூலத்தின் சொற்கள் சில எஞ்சினும் அதன் உணர்ச்சி எஞ்சவில்லை. இங்குதான் ஜேம்ஸின் ஆக்கம் நிகழ்ந்தது எனத் துணிந்து கூறலாம்.

இதனால் இன்னொரு கருத்தும் தகர்கின்றது. மிசிசிப்பிப் பாடகர் நகரவாடை படாத தூய நாட்டார் மரபினர் என்பது 1960களின் இரசிகர் போற்றிய நம்பிக்கை. உண்மையில் அப்பாடகர் நடனப் பாட்டும் தேவாலயப் பாட்டும் நகர மெல்லிசையும் கலந்தே பாடினர். 1920இல் மேமி ஸ்மித்தின் தட்டு எதிர்பாராத விற்பனை கண்டபின், நிறுவனங்கள் கறுப்பின மக்களுக்கெனத் தனித் தட்டு வரிசைகளைத் தொடங்கின. கறுப்பினத்தவர் புளூஸ் பாடினால்தான் விலைபோகும் என்ற வணிகக் கணிப்பு, அவர்தம் பாடற்றொகுதியில் ஒரு பகுதியை மட்டுமே பதிவேற்றியது. பிற்கால ஆய்வாளர் மரபு என்று கண்டது பெரும்பாலும் தட்டு வணிகர் வகுத்த எல்லையையே.

மில்மன் பாரி, ஆல்பேட் லோட் ஆகியோரின் வாய்மொழிக் காப்பிய ஆய்வும், அதனைத் துணைக்கொண்டு பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலும் எமது வாசகர் அறிந்தனவே. புளூஸ் பாடகரும் வாய்பாட்டுத் தொடர்களையும் அடிகளையும் பொதுச்சொத்தாகக் கையாண்டவர்கள். ஜேம்ஸ் 1931இல் பியானோவுடன் பாடிய துப்பாக்கிப் பாடலொன்று, ரூஸ்வெல்ட் சைக்ஸ் 1929இல் பதிவு செய்த பாடலின் வழிவந்தது. அதனையே ரொபேட் ஜோன்சன் 1936இல் இலக்கத்தை மட்டும் மாற்றித் தம் கிற்றாருக்கு ஏற்பப் பாடினார். இச்சங்கிலியில் எவரையும் கள்வர் என்று எவரும் கூறியதில்லை. ஆயினும் காப்பியப் பாணருக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடுண்டு: இவர்களிடையே பாடலைக் கடத்தியது வாய்மொழி மட்டுமன்று, இசைத்தட்டுமாகும். தட்டு ஒரு பண்டம். பண்டத்திற்கு உரிமையாளர் ஒருவர் வேண்டும். சிக்கல் அங்கே தொடங்குகின்றது.

1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜோன் ஃபேஹி, பில் பாத், ஹென்றி வெஸ்டைன் என்னும் வெள்ளை இளைஞர் மூவர், மிசிசிப்பியின் டியூனிக்கா என்னும் ஊர் மருத்துவமனையில் நோயாளியாயிருந்த ஜேம்ஸைத் தேடிக் கண்டனர். இவர்களுள் வெஸ்டைன் பின்னர் ‘கான்ட் ஹீட்’ என்னும் புளூஸ் றொக் குழுவிற் கிற்றார் வாசித்தவர். இதே ஜூன் மாதத்தில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பியில் உழைத்த சேனி, குட்மன், சுவேர்னர் ஆகிய மூன்று இளைஞர் கொலையுண்டனர். ஒரு சாரார் வாக்காளரைத் தேடியும் மற்றொரு சாரார் பழைய பாடகரைத் தேடியும் ஒரே மாநிலத்தின் வீதிகளிற் சென்றனர். பின்னையோரின் தேடல் பயனற்றதென்று நான் கூறவில்லை. அஃதின்றேல் இக்கட்டுரைக்கே பொருளில்லை. எனினும் பாடலை உருவாக்கிய சமூக நிலைமைகளைப் பாடலினின்றும் பிரித்து நுகரும் மனப்பாங்கு அத்தேடலில் இருந்தது என்பதை மறுத்தல் அரிது. சில வாரங்களில் ஜேம்ஸ் நியூபோட் நாட்டாரிசை விழாவின் மேடையில் அமர்த்தப்பட்டார். 1966இல் வாங்கார்ட் நிறுவனம் வெளியிட்ட அவரது தட்டில் இப்பாடல் மீண்டும் இடம்பெற்றது. 1931இன் விரைவு அதில் இல்லை. முதியவர் நிதானமாகப் பாடுகிறார். களைப்பு என்னும் சொல்லுக்கு அங்கே தான் முழுப்பொருள் கிடைக்கின்றது.

கிறீம் குழுவினரின் ஆக்கம் இதனின்றும் முற்றிலும் வேறானது. ஜேம்ஸின் விரல்களில் இருந்த விரைவு இங்கே பேக்கரின் தாளக்கருவிகளுக்கும் புறூஸின் தாழ்குரற் கிற்றாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தனிமனிதனின் கூற்று கூட்டுக்குரலாயிற்று. தலைப்புச் சொற்கள் திரும்பத் திரும்ப முழங்க, தையல் மறைந்து மகிழ்ச்சி மட்டுமே எஞ்சுகின்றது. இதனை இழப்பு என்றே கருதுகிறேன். ஆயினும் இடையில் வரும் கிளாப்டனின் தனிவாசிப்பு, சொல்லால் இழந்ததிற் சிறிது மீட்டுத் தருகின்றது. 1968 அக்டோபர் 19ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இசைக்கப்பட்டு, மறு ஆண்டு ‘குட்பை’ என்னும் தட்டில் வெளிவந்த வடிவம் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீள்கின்றது. மூன்று நிமிடத்துள் அடங்கியே தீரவேண்டிய பழைய தட்டின் கட்டுப்பாடு இல்லாதொழிந்தமையால் வந்த நீட்சி இது. மூவரும் ஒருவரோடொருவர் போட்டியிடும் இவ்வடிவத்திற் பாடல் ஒரு சாக்காக மட்டுமே நிற்கின்றது. ஆயினும் மூவரின் கலகத்திலும் ஒரு நேர்மை உண்டு. ‘டீப் பேர்ப்பிள்’ குழுவினர் 1968இல் இதற்கு ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹரசாட்’ இசையை முன்னுரையாக ஒட்டியது வெறும் அலங்காரம்.

கிறீம் குழுவினர் ஜேம்ஸின் பெயரைத் தட்டிற் பொறித்தனர். இது சிறு செய்தியன்று. வில்லி டிக்சனின் பாடலைத் தழுவிய ‘ஹோல் லொட்டா லவ்’ என்னும் பாடலை 1969இல் லெட் செப்பலின் குழுவினர் அவர் பெயரின்றியே வெளியிட்டனர். டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்து, 1987இல் இணக்கம் காணும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஜேம்ஸ் அவ்வாறு வழக்காட வேண்டியிருக்கவில்லை. கிறீம் பதிவுகளின் வழியாக வந்த உரிமைப்பணமே அவரது இசைவாழ்வில் அவருக்குக் கிட்டிய ஒரே பெருந்தொகை. புற்றுநோயால் வாடிய காலத்தில் அது அவர் கைக்கு வந்தது.

ஆனால் அப்பணம் எதற்காக வந்தது? அவரது குரலுக்கன்று, கிற்றாருக்குமன்று. அவர் பதினெட்டுப் பாடல்களையும் பதிவு செய்தமைக்குமன்று. சட்டம் அறிந்தது ‘இயற்றியவர்’ என்னும் ஒருவரையே. அச்சொல்லின் இறுக்கமான பொருளில் இப்பாடலின் ஒரு பகுதிக்கேனும் லிட்டிலும் சைஸ்மோரும் உரிமை கோரியிருக்கலாம். ஜேம்ஸின் தனியாக்கங்கள் என்று ஐயமின்றிக் கூறத்தக்க ‘டெவில் கொட் மை வுமன்’ போன்ற பாடல்கள் அவருக்கு அத்தகைய வருவாயைத் தரவில்லை. பிறரிடமிருந்து எடுத்து உருமாற்றிய ஒன்றே தந்தது. நிகழ்த்துநரின் ஆக்கத்தை அளக்கக் கருவியற்ற சட்டம், தவறான காரணத்திற்காகச் சரியான மனிதருக்குப் பணம் கொடுத்தது. களவு என்போரும் தொண்டு என்போரும் இச்செய்தியை விளக்கிக்கொள்ள இடர்ப்படுவர். இருசாராரும் பாடலுக்குத் தனி உரிமையாளர் ஒருவர் உண்டென்னும் எடுகோளிலேயே நிற்கின்றனர்.

‘குட்பை’ வெளிவந்த அதே 1969ஆம் ஆண்டில், அக்டோபர் 3ஆம் நாள், ஸ்கிப் ஜேம்ஸ் ஃபிலடெல்பியா நகரிற் காலமானார். அவருக்கு வயது 67. கிறீம் குழு அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே கலைந்திருந்தது.