சுருக்கமும் விளக்கமும்: தன் எழுத்தைத் தானே திருத்துதல் பற்றி ஒரு நோக்கு

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் கூறும் பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லல் முதலாவது. விளங்க வைத்தல் இரண்டாவது. இவ்விரண்டையும் ஒரே பண்பின் இரு பெயர்கள்போலக் கொள்வது நம்மிடையே வழக்கம். தம் கட்டுரையைத் தாமே திருத்த முற்படுவோர், இவை ஒன்றோடொன்று முரணும் இடங்களை விரைவிற் காண்பர்.

எமது அனுபவம் ஒன்றைக் கூறலாம். முன்னர் எழுதிய கட்டுரையொன்றைக் குறைக்கவேண்டி, இரு வாக்கியங்களை ஒன்றாக்கி, '1879இல் மறைந்த நாவலரின் மாணாக்கர் ஒருவர் இந்நூலைப் பதிப்பித்தார்' என எழுதினோம். மறைந்தவர் நாவலர் என்பதை நாம் அறிவோம். ஆதலின் மும்முறை படித்தும் எமக்குப் பிழை புலப்படவில்லை. அதனைப் படித்த மாணவர் ஒருவரோ மறைந்தவர் மாணாக்கரே எனக் கொண்டார். பதிப்பு 1879ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டதன்று என முடிவும் செய்துவிட்டார். ஒரு நூலின் காலமே இவ்வாறு பிறழ்ந்தது. தமிழிற் பெயரெச்சம் தன்னை அடுத்த பெயரையும் தழுவும். அதனைக் கடந்து நிற்கும் பெயரையும் தழுவும். 'நாவலர் 1879இல் மறைந்தார். அவருடைய மாணாக்கர் ஒருவர் பின்னர் இந்நூலைப் பதிப்பித்தார்' எனப் பிரித்தபோது சொற்கள் கூடின, ஐயம் நீங்கியது.

பத்துக் குற்றங்களின் வரிசையும் ஈண்டு நோக்கற்பாலது. குன்றக் கூறல் முன்னும் மிகைபடக் கூறல் அதன் பின்னுமாக வைக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் கருத்து எதுவாயினும், எமக்கு அவ்வரிசை மிகவும் பொருத்தமாகவே படுகின்றது. மிகையை வாசகர் தாண்டிச் செல்வர். குறையையோ தாம் நினைத்தவாறு நிரப்பிக்கொள்வர்.

இது மிகைக்குப் பரிந்துரைப்பதன்று. 'ஆய்ந்தார்' என்னுமிடத்தில் 'ஆய்வினை மேற்கொண்டார்' என்பதும், பத்திதோறும் 'என்பது குறிப்பிடத்தக்கது' என்பதும் நம் ஆய்விதழ்களின் தீராப் பழக்கங்கள். (குறிப்பிடத் தகாததாயின் எழுதியதுதான் ஏன்?) இவற்றைக் களைவதாற் பொருள் சிறிதும் குன்றாது. யார், எப்போது, எதனால் என்பவற்றைச் சுமக்கும் சொற்களோ வேறு. அவற்றில் கைவைக்குமுன் கைப்பிரதியைச் சில நாள் ஒதுக்கி வைத்தல் வேண்டும். அல்லது பொருளறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் விளங்கிக்கொண்டதைக் கேட்டல் வேண்டும். எழுதியவரது அறிவே அவர் கண்ணை மறைக்கின்றது.

எமது கட்டுரைப் பிரதியில் அவ்விரு வாக்கியங்களும் இப்போது பிரிந்தே நிற்கின்றன. அவற்றுக்கு இடந்தேட, அதே பக்கத்திலிருந்த மூன்று 'குறிப்பிடத்தக்கது'களை நீக்கவேண்டியதாயிற்று.