பொம்மைகள் காத்த மௌனம்

குழந்தைகளுக்கென ஆக்கப்படும் கலைகளைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதும் வழக்கம் தமிழில் இன்னும் வேரூன்றவில்லை. நாவலுக்கும் புதுக்கவிதைக்கும் கிட்டும் கூர்ந்த நோக்கு, ஐந்து வயதுக் குழந்தை தாயின் மடியில் அமர்ந்து காணும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கிட்டுவதில்லை. பொழுதுபோக்கு என்னும் ஒரே சொல்லால் அஃது ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால், பிற இனத்தாரைப் பற்றி ஒருவன் முதன்முதலாகக் கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் நூலகத்தில் பிறப்பதன்று. வீட்டுக் கூடத்தில் பிறப்பது. அக்கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வீற்றிருக்கத் தொடங்கி நெடுங்காலம் ஆயிற்று. ஆதலின், நிறவெறியைப் பற்றிக் குடும்பத்தோடு பேச முற்பட்ட நிகழ்ச்சி ஒன்றை அதன் தொடக்கத்திலிருந்து எடுத்து ஆராய்வது வீண்வேலை ஆகாது.

அந்நிகழ்ச்சி அமெரிக்காவின் 'செசமி ஸ்திரீட்'. 1969ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் அது முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. ஜோன் கன்ஸ் கூனி, லாயிட் மோரிசெட் ஆகிய இருவரின் முயற்சியில் உருவான குழந்தைகள் தொலைக்காட்சிப் பட்டறை அதனைத் தயாரித்தது. பள்ளி செல்லும் முன்பே பின்தங்கிவிடும் நகர்ப்புற ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பது வெளிப்படையான நோக்கம். ஜிம் ஹென்சனின் பொம்மைகள் அதற்குத் துணை நின்றன. பழைய மாடிக் கட்டடங்கள், வாசற்படிகள், மூலையில் ஒரு கடை என நியூயார்க் நகரின் எளிய தெரு ஒன்று காட்சிக்களம் ஆயிற்று. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது இரண்டாண்டுகள்கூட நிறைவடையவில்லை என்பதை மனத்திற் கொண்டே இதனை நோக்குதல் வேண்டும்.

முதல் நிகழ்ச்சியில், கோர்டன் என்னும் கறுப்பின ஆசிரியர் சாலி என்னும் சிறுமிக்குத் தெருவைச் சுற்றிக் காட்டுகின்றார். அவருடைய மனைவி சூசன்; கடைக்காரர் ஹூப்பர் வெள்ளையர்; இசை பயிற்றும் பாப் என்பவரும் வெள்ளையர். எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து நலம் உசாவுகின்றனர். நிறம் என்னும் சொல்லே எழவில்லை. இது மறதியன்று, திட்டம். சூசனாக நடித்த லொரெட்டா லாங் 1973இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அளித்த டாக்டர் பட்ட ஆய்வேட்டில், இந்நிகழ்ச்சிக்கு மறைமுகமான பாடத்திட்டம் ஒன்று உண்டு என்று விளக்கியுள்ளார். கறுப்பினக் குழந்தைக்குத் தன்மதிப்பை ஊட்டுவதும், வெள்ளைக் குழந்தை பல இனத்தார் கூடி வாழ்வதை இயல்பாக ஏற்கச் செய்வதும் அதன் சாரம். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் அறிவுரைஞராக இருந்தார். அன்றாட வாழ்வில் கறுப்பர் மீது தூவப்படும் நுண்ணிய அவமதிப்புகளுக்கு 1970இல் ஒரு பெயர் சூட்டியவர் அவர்.

இத்தகைய பாடத்திட்டத்தின் தேவையை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் நன்கறிவர். கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலறிஞர் இணையர் 1940களில் நடத்திய பொம்மைச் சோதனை கல்வி உளவியலில் புகழ்பெற்றது. மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளின் முன் வெண்ணிறப் பொம்மையையும் பழுப்பு நிறப் பொம்மையையும் வைத்து, எது நல்லது, எதனோடு விளையாட விருப்பம் என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். எது உன்னைப் போன்றது என்ற வினா வந்தபோது கலங்கி அழுத குழந்தைகளும் உண்டு. 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது எனத் தீர்த்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வைச் சுட்டியது. குழந்தைக்கு நிறம் தெரியாது என்பது பெரியோர் தம் வசதிக்காகச் சொல்லிக்கொள்ளும் கதை. நிறத்தைக் குறையாகப் பேசும் வழக்கம் உள்ள தமிழ் இல்லங்களில் வளர்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சொல்லாமற் சொல்லும் இம்முறைக்கு ஆற்றல் உண்டா? பகைவர் அஞ்சியதே அதற்குச் சான்று. 1970ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சிக் குழு 'செசமி ஸ்திரீட்' நிகழ்ச்சியை ஒளிபரப்புவதில்லை என்று வாக்கெடுப்பின்வழி முடிவு செய்தது. வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் கலந்து விளையாடும் காட்சிக்கு மிசிசிப்பி இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதும், சட்டமன்றம் சினந்து நிதியை நிறுத்திவிடும் என்பதும் காரணங்கள். அம்மாநிலத்தில் இது புதிதன்று. தலைநகர் ஜாக்சனில் இயங்கிய ஒரு வணிகத் தொலைக்காட்சி நிலையம் கறுப்பினத்தாரின் உரிமைப் போராட்டச் செய்திகளை மறைத்ததாக நேயர்கள் தொடுத்த வழக்கில், அந்நிலையத்தின் உரிமத்துக்கு எதிராக 1969இல்தான் தீர்ப்பு வந்திருந்தது. குழுவின் முடிவு நாளிதழ் வாயிலாக நாடெங்கும் பரவிற்று; 22 நாட்களில் தடை நீங்கிற்று. ஆனா, ஆவன்னா போன்ற எழுத்துகளைப் பாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை நிகழ்ச்சி, மேடைப் பேச்சு ஒன்றும் இன்றியே ஓர் அரசமைப்பைக் கலக்கிவிட்டது.

எனினும், பகைவரின் அச்சத்தை மட்டும் கொண்டு ஒரு கலையின் வெற்றியை அளத்தல் கூடாது. உள்ளிருந்தே எழுந்த ஒரு குறையையும் காணல் வேண்டும். கோர்டனாக நடித்த மேட் ராபின்சன் ரூஸ்வெல்ட் பிராங்ளின் என்னும் பொம்மைக்குக் குரல் கொடுத்தார். கறுப்பினச் சிறுவனின் பேச்சும் இசையும் துடிப்பும் அப்பொம்மைக்கு வாய்த்திருந்தன. வகுப்பறையில் அவனே ஆசிரியனைப் போல் நின்று பாடம் நடத்துவான். குழந்தைகள் விரும்பினர். ஆயினும், கறுப்பினச் சிறுவர் என்றாலே ஆரவாரமும் கொச்சைப் பேச்சும் என்னும் பழைய படிமத்தை அது நிலைநாட்டுகிறது என்று கறுப்பினப் பெற்றோர் சிலர் குறைகூறினர். 1970களின் நடுப்பகுதியில் அவன் தெருவிலிருந்து மறைந்தான்.

குறைகூறியோர் பிழை செய்தனர் என்று எளிதிற் சொல்லிவிட இயலாது. திரையில் ஒரே ஒரு கறுப்பினச் சிறுவன் இருக்கும்போது அவன் ஓர் இனம் முழுமைக்கும் பேராளன் ஆகிவிடுகின்றான். குறும்பு செய்யும் உரிமைகூட அவனுக்கு இல்லை. பச்சைத் தவளையும் நீல நிற அரக்கனும் எத்தனை பண்டங்களை உடைத்தாலும் எந்த இனத்துக்கும் இழுக்கில்லை. இழப்பு எதுவெனில், நிறத்தைத் துணிந்து குரலாக்கிய ஒரே பொம்மை போய்விட்டது. நிறமற்ற, அன்றி நிறங்கடந்த பொம்மைகளே எஞ்சின. அதன்பின் அம்மௌனம் பழக்கமாயிற்று.

அம்மௌனத்தின் பயன் யாது என்பதை அளக்க முயன்ற ஆய்வுகள் சிந்தனைக்கு உரியவை. கனடாவில் 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெள்ளையரல்லாத குழந்தைகள் தோன்றும் 'செசமி ஸ்திரீட்' காட்சிகளைக் கண்ட வெள்ளைக் குழந்தைகள் அத்தகைய குழந்தைகளோடு விளையாட மிகுதியும் விரும்பினர் எனக் கண்டது. மகிழத்தக்க முடிவுதான். ஆனால், அதே ஆய்வாளர் சிலர் 1979இல் வெளியிட்ட தொடராய்வில், மறுநாள் சோதித்தபோது அவ்விருப்பம் தங்கியிருக்கவில்லை எனத் தெரியவந்தது. நேற்று நடத்திய பாடம் இன்று கரும்பலகையில் இல்லை என்பது எந்த ஆசிரியருக்கும் பழகிய துயரம்.

அதனினும் ஆழமானது, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பிரிகிட்டே விட்ரப் மேற்கொண்டு, பின்னர் 2011இல் ஆய்விதழில் அச்சேறிய ஆய்வு. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளை உடைய ஏறத்தாழ நூறு வெள்ளையர் குடும்பங்கள் அதிற் பங்கேற்றன. 'செசமி ஸ்திரீட்' பகுதி உட்படப் பல்லினக் காட்சிகள் அடங்கிய ஒளிநாடாக்கள் வீட்டிற் காணத் தரப்பட்டன. சில பெற்றோர் காட்டினால் மட்டும் போதும். வேறு சிலர் காட்டியபின் இனத்தைப் பற்றிக் குழந்தையோடு உரையாடவும் வேண்டும். உரையாட வேண்டும் என அறிந்ததும் சில குடும்பங்கள் விலகிக்கொண்டன. காட்சியால் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் விளையவில்லை. உரையாடுமாறு பணிக்கப்பட்ட பெற்றோரிலும் மிகச் சிலரே மனந்திறந்து பேசினர். ஏனையோர் 'எல்லாரும் சமம்' என்னும் பொதுவாசகத்தோடு நிறுத்திக்கொண்டனர். அந்த மிகச் சிலரின் பிள்ளைகளிடம்தான் தெளிவான மாற்றம் தென்பட்டது. தாராள மனம் உடையோர் எனத் தம்மைக் கருதிய பெற்றோர் இவர்கள். பகை அவர்தம் நாவைக் கட்டவில்லை, கூச்சம் கட்டிற்று. நிறத்தைச் சுட்டிப் பேசினால் குழந்தைக்கு இல்லாத வேற்றுமையைக் கற்பித்ததாகிவிடுமோ என்னும் அச்சம் கட்டிற்று.

இப்பின்னணியில் நோக்கும்போதுதான் 2020 சூன் 6ஆம் நாள் ஒளிபரப்பான சிறப்பு நிகழ்ச்சியின் தகுதி புலப்படும். மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு காவலர் ஒருவரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தார். நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினர். பன்னிரண்டாம் நாள், சி.என்.என். செய்தி நிறுவனமும் 'செசமி ஸ்திரீட்' குழுவினரும் இணைந்து, நிறவெறியை எதிர்த்து நிற்பது பற்றிக் குழந்தைகளும் பெற்றோரும் கூடியிருந்து காணும் ஒருமணி நேர நிகழ்ச்சியை வழங்கினர். வேன் ஜோன்ஸ், எரிக்கா ஹில் ஆகியோருடன் பெரும்பறவை 'பிக் பேர்டு' நெறியாளராக அமர்ந்தது.

அந்த ஒருமணி நேரத்தில் கலையாக நிமிர்ந்து நிற்பது ஒரு காட்சியே. செந்நிறப் பொம்மையான எல்மோ, ஆர்ப்பாட்டம் என்றால் என்ன, ஏன் மக்கள் வருந்துகின்றனர் என்று தன் தந்தை லூயியைக் கேட்கிறது. தந்தை சுற்றி வளைக்கவில்லை. தோலின் நிறத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் கறுப்பின மக்கள் அநீதியாக நடத்தப்படுகின்றனர். அதற்கு நிறவெறி என்று பெயர் என்கின்றார். எல்மோவுக்கு விளங்கவில்லை. தன் தெருவில் எல்லா நிறத் தோழரும் உள்ளனரே என்று வியக்கிறது. எல்லாத் தெருக்களும் நம் தெருவைப் போன்றவை அல்ல என்பது தந்தையின் மறுமொழி.

அந்த மறுமொழி சிறியது. ஆனால், ஐம்பதாண்டு நிகழ்ச்சிக்கு அந்நிகழ்ச்சியே எழுதிக்கொண்ட திறனாய்வு அது. நாம் காட்டியது நாடன்று, கனவு என்னும் ஒப்புதல் அதில் அடங்கியுள்ளது. மேலும், அக்காட்சியின் மாணவன் எல்மோ அல்லன். பெட்டியின் முன் குழந்தையோடு அமர்ந்திருக்கும் தந்தையே. எந்தச் சொல்லால் தொடங்குவது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்திக் குழந்தையின் வினாவுக்குக் காத்திருப்பது என்பதை லூயி நடித்துக் காட்டுகின்றார். டெக்சஸ் ஆய்வில் நாவெழாது நின்ற பெற்றோர்க்கு வேண்டியிருந்தது இதுவே. மாதிரிப் பாடம் நடத்திக் காட்டாமல் பயிற்சி ஆசிரியரை வகுப்பறைக்கு அனுப்புவார் இல்லை.

அதே நிகழ்ச்சியின் வேறொரு பகுதி தடுமாறுகிறது. மஞ்சள் இறகுக்காகவும் பேருருவுக்காகவும் பிக் பேர்டு முன்பொருநாள் இழிவாக நடத்தப்பட்டதை ஒரு தோழி நினைவுகூர்கின்றாள். குழந்தைக்கு எட்டும் உவமை என்று தயாரித்தோர் கருதியிருத்தல் கூடும். எட்டுவது என்னவோ உண்மை, பொருந்துவதுதான் இல்லை. கேலி வேறு, நிறவெறி வேறு. மஞ்சள் இறகைக் கேலி செய்தவன் மன்னிப்புக் கேட்டால் கதை முடிந்தது. கறுப்பினச் சிறுவனுக்கு எதிரே நிற்பது ஒரு குறும்பனின் வாய் மட்டுமன்று. பள்ளியும் காவல் நிலையமும் வீட்டுக் கடன் தரும் வங்கியும் பல தலைமுறையாய்க் கைக்கொண்ட வழக்கம். இறகின் நிறத்தால் எந்தப் பறவையும் சந்தையில் விற்கப்பட்டதில்லை. உவமை எளிதாக இருந்தால் போதாது. உவமிக்கப்படும் பொருளின் எடையையும் அது தாங்குதல் வேண்டும்.

இக்குறையை உணர்ந்தனர் போலும். 2021 மார்ச்சில் வெஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவனையும் அவன் தந்தை எலைஜாவையும் அறிமுகப்படுத்தினர். இவை பழுப்புத் தோலுடைய மனித உருவப் பொம்மைகள். ரூஸ்வெல்ட் பிராங்ளின் போன பின் திறந்து கிடந்த இடத்தில் இவை நிற்கின்றன என்று கொள்ளுதல் தகும். உதிர்ந்த இலைகளின் பல நிறங்களைக் கண்டு மகிழும் வேளையில், வெஸ்ஸின் தோல் ஏன் பழுப்பாக உள்ளது என்று எல்மோ கேட்கிறது. மெலனின் என்னும் பொருள் உடம்பில் உள்ளமையே நிறத்துக்குக் காரணம் என்று எலைஜா இன்முகத்தோடு விளக்குகின்றார். கூச்சமின்றி ஒரு வெளிச்சமான பகலில் நிறத்தைப் பற்றிப் பேச முடிகிறது. ரூஸ்வெல்ட் பிராங்ளினின் குரலுக்கு எழுந்த குறை இவர்தம் பேச்சுக்கு எழ வழியில்லை.

ஆனால், இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு ஒரு வேறுபாடு உறுத்தாமற் போகாது. அநீதியைப் பற்றிப் பேசும் பொறுப்பு செந்நிறத் தந்தைக்குக் கிடைத்தது. அவருக்கோ அவர் மகனுக்கோ அந்த அநீதியால் ஊறு நேரப்போவதில்லை. கறுப்பினத் தந்தைக்கு முதலிற் கிடைத்தது உயிரியற் பாடம். அதனைச் சொல்ல ஓர் அறிவியல் ஆசிரியர் போதுமே. தோல் ஏன் பழுப்பு என்பதற்கு மெலனின் விடை. பழுப்புத் தோலைக் கண்டவுடன் காவலரின் கை ஏன் இடுப்புக்குப் போகிறது என்பதற்கு மெலனின் விடையாகாது. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில், மகன் ஓரளவு வளர்ந்ததும் தாயோ தந்தையோ அவனை அமர்த்திச் சொல்லும் அறிவுரை ஒன்று வழிவழியாக உண்டு: காவலர் நிறுத்தினால் ஓடாதே, கைகள் தெரியும்படி வை, எதிர்த்துப் பேசாதே. வெள்ளையர் குடும்பத்தில் தொடங்கலாமா வேண்டாமா என்று தயங்கும் உரையாடல், அக்குடும்பங்களில் தயங்க நேரமில்லாத உரையாடல். எலைஜாவும் அதனை வெஸ்ஸிடம் என்றேனும் சொல்ல வேண்டியவரே. இலைகள் உதிரும் அந்தப் பூங்காக் காட்சியில் அதற்கு இடமில்லை. வெஸ்ஸுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது.