செக்ரோலில் இல்லாத தாய்

டயகமத் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கினால் ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலை மட்டுமல்ல, எதிர் லயமும் காணாமல் போய்விடும். அப்படியான பின்னேரங்களில் கணக்குக் கொப்பியில் ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பழக்கம். 6746328388800. வாய்விட்டுச் சொன்னால் 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800.

சீனிவாச இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் எழுதிய நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை வரும். அதன் கடைசி எண் இது. தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைத்தான் அவர் அதில் வரிசைப்படுத்தினார். தோட்டத்துப் பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். பன்னிரண்டு காம்பரா லயத்தை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பங்கு போடலாம்; பதினான்கு காம்பரா என்றால் இரண்டையும் ஏழையும் விட்டால் வழியில்லை. 12க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 24, 36, 48, 60 என்று வரிசை மேலேறும்.

அந்தக் கடைசி எண்ணை முதன்மை எண்களாகப் பிரித்தால்தான் அழகு தெரியும். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5உம் 7உம் இரண்டிரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. உச்சியிலிருந்து ஆற்றுப் பக்கம் சரியும் தேயிலை மலை மாதிரி, இடையில் எங்கும் மேடில்லை. இந்த வரிசையில் எந்த எண்ணை எடுத்தாலும் சரிவு மாறாது. கடைசி முதன்மை எண் ஒரே தடவைதான் வரும். 4உம் 36உம் மட்டும் விலக்கு. காரணிகளை எண்ணுவதும் சுலபம். 2ஐ ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஆறையும் எடுக்கலாம், ஆக ஏழு வழி. அப்படியே 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10080. 1 முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 29 வந்ததும் முரண்டு பிடிக்கும்.

டாக்சி ஒன்றின் இலக்கமாக இராமானுஜன் கதையில் வந்து எல்லாரும் கொண்டாடுகிற 1729க்கு எட்டே எட்டுக் காரணிகள். அந்தக் கதை அதற்கு அடித்த அதிர்ஷ்டம் என்பேன்.

நான் சொக்கிப்போகிற இடம் வேறு. கையால் கணக்கிட்ட அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். வரிசையில் நின்றிருக்க வேண்டிய எண். அதையும் பிரித்துப் பார்த்தேன். 6, 4, 2, 2, 1, 1, 1, 1. கடைசி எண்ணின் அதே சரிவு, 23 மட்டும் இல்லை. அதாவது, விடுபட்டதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வந்து நிற்கிறது. தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் மகளின் பேர் இருக்கிறது, தாயின் பேர் இல்லை என்கிற மாதிரி!

இதைப் பிழையென்று குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தேற்றங்களில் ஒன்றும் பிசகவில்லை. ஒரு வரி தவறிவிட்டது, அவ்வளவுதான். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் இந்த ஆய்வுக்குத்தான். போர்க்காலத்தில் சங்கத்துக்குக் காசு முடையானதால் கட்டுரையின் மிச்சப் பகுதி அப்போது வெளிவரவில்லை; குறிப்புரையோடு அது அச்சேறியது 1997இல்.

தாய் மகள் உறவை நம்பாதவர்கள் பென்சிலை எடுத்து ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். கொப்பியில் அரைப் பக்கம் போதும்.