அயர்லாந்தின் இணையக் கல்வித் தொழில்: ஒரு மதிப்பீடு

சிறிய நாடொன்று பெரிய சந்தையிலே வெற்றி பெறும்பொழுது, அவ்வெற்றியைத் தனிமனிதர் சிலரின் துணிச்சலுக்கே உரியதாக்கிப் பேசுதல் வழக்கமாகிவிட்டது. கணினி வழியாகவும் இணையம் வழியாகவும் பாடம் புகட்டும் தொழில் அயர்லாந்தில் வளர்ந்த வரலாறும் இவ்வாறே கூறப்பட்டு வருகின்றது. டப்ளின் நகரத்து முயற்சியாளர் சிலர் கனவு கண்டனர். அமெரிக்கப் பங்குச் சந்தை அவர்களை வரவேற்றது. நாடு செழித்தது என்பதே அக்கதையின் சாரம். இது முழுப் பொய்யன்று. ஆனால் பாதி உண்மையே. மறைந்து நிற்கும் மறுபாதியை ஆராய்தல் நம் கடமையாகின்றது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1980களில் பற் மக்டொனா டப்ளினில் தொடங்கிய சி.பி.ரி. சிஸ்ரம்ஸ் நிறுவனம், கம்பனி ஊழியர்க்குக் கணினித் தொழிலறிவைக் கணினி மூலமே பயிற்றும் பாடங்களைத் தயாரித்தது. 1995இல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. பின்னர் ஸ்மார்ட்ஃபோர்ஸ் எனப் பெயர் மாறி, 2002இல் ஸ்கில்சொஃப்ற் நிறுவனத்துடன் இணைந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான மென்பொருளை விற்ற ரிவர்டீப் நிறுவனத்தைத் தொடங்கியவரும் மக்டொனாவே. 2007இல் மைக் ஃபீரிக் கோல்வே நகரில் தொடங்கிய அலிசன், கற்போரிடம் கட்டணம் பெறாது பாடங்களை இணையத்தில் வழங்கியது.

இவ்வளர்ச்சி வானத்திலிருந்து விழுந்ததன்று. 1966 செப்ரெம்பரில் கல்வியமைச்சர் டொனா ஓ'மாலி இலவச இடைநிலைக் கல்வியை அறிவித்தார். மறு ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்ட தொழிலாளர், சிறு விவசாயிகள் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் மேல்வகுப்புகளுக்கு வந்தனர். 1970 தொடக்கம் பிரதேசத் தொழில்நுட்பக் கல்லூரிகள் அவர்களுக்குத் தொழிற்கல்வி வழங்கின. 1973இல் நாடு ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திற் சேர்ந்தது. குறைந்த வரியையும் ஆங்கிலம் அறிந்த படித்த இளைஞரையும் நாடி அமெரிக்கக் கணினி நிறுவனங்கள் வந்தன. பொதுமக்கள் பணத்தில் எழுந்த வகுப்பறைகளே இத்தொழிலுக்கு வேண்டிய மூளைகளை ஆக்கிக் கொடுத்தன. சந்தை அறுவடை செய்தது, விதைத்தது மக்களே.

இனி, விளைந்த பொருளின் தன்மையைக் காண்போம். உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயிக்கின்றது என்பது இலக்கியத்துக்கு மட்டுமன்றிப் பாடத்துக்கும் பொருந்தும். கம்பனி ஊழியருக்கென எழுந்த இப்பாடங்களின் வழமையான உருவம் யாது? திரையிற் சில வரிகள், ஒரு படம், மேலே செல்ல ஒரு பொத்தான், ஈற்றில் நான்கு விடைகளுடன் ஒரு வினா. ஆலையில் உழைப்புத் துண்டாடப்படுவது போன்று இங்கே அறிவு துண்டாடப்படுகின்றது. ஓர் இயந்திரத்தை இயக்கக் கற்பதற்கு இம்முறை போதுமானதாக இருக்கலாம். வரலாற்றையும் இலக்கியத்தையும் கற்பதற்கு அது போதாது. மாணவன் பிழையான விடை கூறும்பொழுது, அவன் ஏன் அவ்வாறு எண்ணினான் என்று வினவுவதிலிருந்தே ஆசிரியரின் பணி தொடங்குகின்றது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் முறையிலே அந்த 'ஏன்' என்பதற்கு இடமில்லை.

கல்வி பண்டமாகும்பொழுது பண்டத்துக்குரிய விதியும் அதனைத் தொடர்கின்றது. 2006இல் ரிவர்டீப், பொஸ்ரன் நகரத்துப் பழம்பெரும் பாடநூற் பதிப்பகமான ஹூற்றன் மிஃப்ளினை வாங்கியது. மறு ஆண்டு ஹார்க்கோர்ட் பதிப்பகத்தின் கல்விப் பிரிவும் அதனுடன் சேர்ந்தது. மலையளவு கடனே இவற்றை வாங்க உதவிற்று. 2008இன் நெருக்கடியால் அமெரிக்க மாநிலங்கள் பாடநூற் செலவைக் குறைத்தபொழுது அக்கடன் பாரமாய் அழுத்தியது. 2010இல் நிறுவனம் கடன் கொடுத்தோர் கைக்கு மாறியது. 2012இல் வங்குரோத்து நீதிமன்றத்தின் வழியே ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் நீக்கப்பட்டது. பிள்ளைகள் படிக்கும் நூலின் எதிர்காலத்தை வட்டிக் கணக்கு நிர்ணயிக்கும் நிலையை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேண்டியதில்லை.

உலகுக்குப் பாடம் விற்ற நாட்டிலேயே நிலைமை எவ்வாறிருந்தது? 2020 மார்ச் 12ஆம் திகதி அயர்லாந்துப் பாடசாலைகள் நோய்த்தொற்றினால் மூடப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் தொழிலகங்களுக்கும் அதிவேக இணையத்தைக் கொண்டு செல்லும் அரச ஒப்பந்தம் கைச்சாத்தாகி அப்பொழுது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. இலாபம் குறைந்த கிராமங்களுக்கு வணிக நிறுவனங்கள் கம்பி இழுக்க முன்வராமையினாலேயே அவ்வொப்பந்தம் தேவைப்பட்டது. டப்ளின் மாணவனுக்குக் கிட்டிய வகுப்பு, மலைநாட்டு விவசாயியின் மகளுக்குத் திரையில் உறைந்து நின்றது.

மொழியின் கதையும் இத்தகையதே. 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதல் ஆட்சிமொழியெனப் பிரகடனம் செய்தது. ஆயினும் இத்தொழிலின் மொழி ஆங்கிலமே. வாங்குவோர் அங்கேதான் இருந்தனர். 2014இல் ஐரிஷ் மொழியைப் பல இலட்சம் பேரிடம் கொண்டு சென்ற பாடம், டுவோலிங்கோ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மேடையில், ஊதியமின்றி உழைத்த தொண்டர்களால் ஆக்கப்பட்டது. அத்தொண்டர்களை 2016இல் குடியரசுத் தலைவர் மைக்கேல் ஹிக்கின்ஸ் பாராட்டினார். பாராட்டு உரியோர்க்கே சென்றது. ஆயினும் ஒரு தேசத்தின் மொழியைக் கற்பிக்கும் பொறுப்பு அந்நிய நிறுவனத்தின் மேடையையும் நல்லோரின் ஓய்வு நேரத்தையும் நம்பி நிற்கலாமோ?

நாம் இயந்திரத்தின் பகைவரல்லர். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு அலிசன் கதவைத் திறந்தது. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் விளம்பர வருவாயிலும் சான்றிதழ் விற்பனையிலும் தங்கியுள்ள கதவு, அவ்வருவாய் வற்றும் நாளில் மூடப்படவுங் கூடும். 1982இலேயே டப்ளினில் அரச உயர்கல்வி நிறுவனமொன்று தேசியத் தொலைக்கல்வி மையத்தை நிறுவியிருந்தது. பொதுமக்களின் உடைமையாகவும் தொலைக்கல்வி வளரக்கூடும் என்பதற்கு அதுவே சான்று. பாடத்தை ஆக்குவோர் யார், அதற்கு உடையவர் யார், அது எவரைச் சென்றடைகின்றது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாது, பங்கு விலையை மட்டும் கொண்டு இத்தொழிலின் வெற்றியை அளப்போர், கல்வியை அளந்தவராகார்.