கொத்துப் படங்களில் காணாமல்போகும் நிறம்

சிறு தொலைநோக்கியில் எடுத்த நட்சத்திரக் கொத்துப் படங்கள் இப்போது இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. நம்ம ஊர்க்காரர்கள் எடுத்தவையும் அதில் உண்டு. தொழில்நுட்பத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. மீன்கள் ஊசி முனை மாதிரி இருக்கு, பின்னணி கரும்பட்டு மாதிரி இருக்கு. ஆனால் இப்படிப் பத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்க. எது இளம் கொத்து, எது கிழட்டுக் கொத்து என்று கண்ணால் சொல்லவே முடியாது. எல்லாமே கருப்புத் துணியில் சிதறிய உப்பு. என் புகார் இதுதான்: நிறம் போய்விட்டது. கொத்துப் படத்தில் நிறம் போனால் செய்தியே போன மாதிரி.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? ஒரு கொத்தில் இருக்கும் மீன்கள் ஒரே மேகத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை. ஒரே வகுப்புப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் எடையில்தான். எடை கூடின மீன் சூடாக, நீலமாக எரிந்து, எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிட்டுச் சிவந்து வீங்கும். எடை குறைந்தது மெதுவாக எரிந்து நெடுங்காலம் கிடக்கும். ஆகவே ஒரு கொத்தில் நீலம் எவ்வளவு மிச்சம், சிவப்பு எவ்வளவு வந்திருக்கு என்று பார்த்தால் அதன் வயது தெரியும். 1911இல் ஹெர்ட்ஸ்ப்ருங், கார்த்திகைக் கொத்துக்கும் ஹையடெஸ் கொத்துக்கும் நிறத்தையும் ஒளியையும் எதிரெதிரே வைத்து வரைபடம் போட்டார். விண்மீன்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த வகை வரைபடத்திலிருந்து கிளைத்ததுதான். அவர் படித்தது வேதிப் பொறியியல், பழகினது புகைப்பட வேதியியல். வானியலுக்குள் அமெச்சூராகத்தான் நுழைந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

தா.பழூரில் ஒரு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற கொத்துகளை வைத்தே இதைப் பார்ப்போம். கார்த்திகை மாதத்து மழை மேகம் விலகின பிறகு, தலைக்குச் சற்று வடக்கே கார்த்திகைக் கொத்து ஏறி நிற்கும். வயது ஏறக்குறைய 10 முதல் 13 கோடி ஆண்டு. பிரகாசமான மீன்கள் எல்லாம் நீலம். சிவந்து வீங்கும் பருவத்துக்கு எதுவும் இன்னும் வரவில்லை. இந்த வயதைப் புரிந்துகொள்ள நம்ம பக்கத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கு. பெரம்பலூர்ப் பக்கம் காரையில், மழை அரித்த களிமண் மேடுகளில் அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றனவே, அந்தக் கடலடி மண் படிந்தது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன்னால். அந்த உயிர்கள் நீந்தின காலத்தை ஒட்டித்தான் கார்த்திகை மீன்களும் பற்றி எரிய ஆரம்பித்தன.

கடக ராசியில், பூச நட்சத்திரப் பகுதியில் இருப்பது தேன்கூட்டுக் கொத்து, எம்44. வயது 60, 70 கோடி ஆண்டு. வெளிர் மீன்களுக்கு நடுவே நாலைந்து ஆரஞ்சு மீன்கள் வந்தாச்சு. அதே ராசியில் எம்67: ஏறக்குறைய 400 கோடி ஆண்டு, கிட்டத்தட்ட நம் சூரியன் வயது. அங்கே பிரகாசமான மீன்களில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் அதிகம். ஆக இந்த மூன்று படங்களையும் ஒரே முறையில் எடுத்து ஒரே முறையில் பதப்படுத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, விண்மீன் முதுமை அடைவது எப்படி என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் பாடம் எடுக்காமலே புரிந்துவிடும். இப்படி ஒரு வரிசையை யாரும் போடுவதில்லை என்பது என் வருத்தம். ஒவ்வொரு படமும் தனித்தனி அலங்காரமாக நிற்குது.

சரி, நிறம் எங்கே போகுது? அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கணும். மீன்களின் ஒளியளவில் ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு என்று 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். பிறகு 1861 முதல் 1891இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தை நடத்தியவரும் இவர்தான். அந்தக் கணக்குப்படி பத்துப் படி வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா 14 பிட்டில் பதிவு செய்தால் அதற்கு மொத்தம் 16,384 படிநிலைகள்தான். மங்கலான மீன்களுக்காக இரண்டு நிமிடம் திறந்து வைத்தால், பிரகாசமான மீன் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் உச்சத்தைத் தொட்டுவிடும். மூன்றும் நிரம்பினால் வெள்ளை. அந்த மீனின் நிறம் அந்தப் படத்தில் பதிவாகவே இல்லை. பிறகு எந்த மென்பொருளில் தேடினாலும் கிடைக்காது. மிச்சம் இருந்த நிறத்தையும், மங்கல் மீன்களைத் தூக்கிக் காட்டுவதற்காக வளைகோட்டை இழுக்கும்போது வெளுக்கவிடுகிறோம். கடைசியில் ‘சாச்சுரேஷன்’ ஏற்றினால் நடுவில் வெள்ளை, சுற்றி ஒரு நீல வளையம். அது பல நேரம் லென்ஸின் நிறப்பிழைதான், மீனின் நிறம் இல்லை.

இது புதுப் பிரச்சினை இல்லை. தெற்கு வானில் திரிசங்குவுக்குப் பக்கத்தில் இருக்கும் கொத்துக்கு நகைப்பெட்டி என்று பெயர் வந்ததே நிறத்தால்தான். 1830களில் நன்னம்பிக்கை முனையிலிருந்து பார்த்த ஜான் ஹெர்ஷல், பல நிற மணிகள் பதித்த நகையோடு அதை ஒப்பிட்டார். நீல மீன்களுக்கு நடுவே ஒரு செம்மீன் இருப்பது அவருக்குத் தொலைநோக்கியில் கண்ணாலேயே தெரிந்தது. இன்றைய நீள எக்ஸ்போஷர் படங்கள் பலவற்றில் அந்த ஒற்றைச் செம்மீனும் வெளிறிக் கிடக்குது. பெயரில் இருக்கிற நகை படத்தில் இல்லை. இந்தச் சிக்கலைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் வேலை பார்த்த டேவிட் மாலின். ஓரியன் பகுதியைப் படம் எடுக்கும்போது, மீன்கள் நகர நகர, குவியத்தைப் படிப்படியாக விலக்கினார். புள்ளி அகன்று விசிறியானது. ஒளி பரவியதால் நிரம்பி வழியவில்லை. ஒவ்வொரு மீனின் நிறமும் பளிச்சென்று வந்தது. கூர்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உண்மையை வாங்கிக்கொண்டார். இன்றைய படங்கள் இந்தப் பேரத்தைத் தலைகீழாகச் செய்கின்றன.

இரண்டாவது குறை, எண்ணிக்கை மோகம். ‘இத்தனை ஆயிரம் மீன்கள்’ என்று படத்துக்குக் கீழே போடுகிறார்கள். படச் சட்டத்துக்குள் விழுந்ததெல்லாம் கொத்து இல்லைங்க. விருச்சிகத்தின் வாலருகே இருக்கும் எம்7ஐ எடுத்தால் பால்வீதியின் பின்புல மீன்கள் மொத்தமாகச் சேர்ந்துகொள்ளும். ரோகிணியையே எடுத்துக்கோங்க: ஹையடெஸ் கொத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். கொத்து இருப்பது சுமார் 150 ஒளியாண்டில், ரோகிணி சுமார் 65 ஒளியாண்டில். வழியில் நிற்கிற ஆள், உறவினர் இல்லை. எது உறவு, எது வழிப்போக்கர் என்பதை மீன்களின் தூரமும் நகர்வும்தான் சொல்லும். கையா விண்கலத்தின் அட்டவணை இன்று யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறபோது, உறுப்பினர்களை மட்டும் குறித்துக் காட்ட ஒரு மாலை நேரம் போதும்.

இதோடு சேர்ந்த மூன்றாவது குறை, செயற்கை நுண்ணறிவுக் கூர்மைக் கருவிகள். விரிந்த வானத்தில் அவை பெரிய கேடு செய்யாமல் போகலாம். கோளக் கொத்தின் நடுவில் கதை வேறு. அங்கே மீன்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு பிசுபிசுப்பாக இருக்கும். கருவி, தான் பழகிய படங்களை வைத்து ‘இங்கே இரண்டு புள்ளி இருந்திருக்கணும்’ என்று ஊகித்துப் போடுது. பார்க்க அழகு. ஆனால் 1860 மே மாதம் எம்80 என்ற கோளக் கொத்தில் ஒரு புது மீன் வெடித்துத் தெரிந்தது. முதலில் கண்டவர் ஆவெர்ஸ். சில நாளில் தனியாகக் கண்டவர் நாம் மேலே பார்த்த அதே போக்சன். நாளைக்கு அப்படி ஒன்று நடந்தால், முந்தின வாரம் எடுத்த நம்ம படத்தில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். ஊகித்துப் போட்ட புள்ளிகளை வைத்து என்ன பதில் சொல்வது?

நான்காவது, எதை எடுப்பது என்ற தேர்வு. நம்மவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வந்தது. கோளக் கொத்து என்றாலே எம்13 என்று ஆகிவிட்டது. தா.பழூர் இருப்பது ஏறக்குறைய 11 பாகை வடக்கே. கோளக் கொத்துகளிலேயே பெரியதான ஒமேகா சென்டாரி இங்கே 31 பாகை உயரத்துக்கு மேல் ஏறுது. லண்டனில் அது உதிப்பதே இல்லை. எம்7 லண்டனில் தொடுவானத்துக்கு மேல் நாலு பாகைகூட ஏறாது. இங்கே 44 பாகை. நகைப்பெட்டிகூட 19 பாகை வரை வருது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில், தெற்கு வானம் எட்டும் என்பதும் ஒன்று. அந்த அனுகூலம் நமக்கும் அப்படியே இருக்கு.

கஷ்டங்களும் இருக்கு, மறைக்க வேண்டாம். துருவ நட்சத்திரம் 11 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு பனைமரமோ தூசிப்படலமோ போதும், தாங்கியை நேர்படுத்தத் திணறுவோம். தெற்கே கும்பகோணத்து வெளிச்சம். உயரம் குறைந்த கொத்துகளின் ஒளி காற்றுமண்டலத்தில் நீளமாகப் பயணிப்பதால் எல்லா மீனும் கொஞ்சம் சிவந்து தெரியும். அதைத் திருத்தாமல் ‘இயற்கை நிறம்’ என்று போட்டால் அதுவும் பொய்தான். இதற்கு வழி உண்டு. படத்தில் இருக்கும் மீன்களின் அளந்த நிறங்களோடு ஒப்பிட்டுச் சமன்செய்யும் வசதி இப்போது பல மென்பொருள்களில் இருக்கு.

‘இது கலைதானே, விடுங்களேன்’ என்பார்கள். ‘ஹபிளே போலி நிறம்தான் போடுது’ என்றும் சொல்வார்கள். அந்த வாதத்தை முழுசாகத் தள்ளிவிட முடியாது. 2009இல் வெளியான ஹபிளின் ஒமேகா சென்டாரிப் படத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் நிறம் இல்லை. புற ஊதாவும் அகச்சிவப்புப் பக்கமும் சேர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும்: அங்கே வரிசை மாறவில்லை. சூடானது நீலமாக, குளிர்ந்தது சிவப்பாக, ஒன்றோடொன்று ஒப்பிடும் விதத்தில் இருக்கு. நிறத்தை மொழிபெயர்ப்பது வேறு, அழிப்பது வேறு. கலை என்ற பெயரில் வரிசையைக் குலைக்காத வரை எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

பாராட்டவும் வேண்டும். 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியும் பழைய கேமராவும் வைத்துக்கொண்டு, பனியில் இரவு முழுக்க உட்காருகிற உழைப்பு சின்னது இல்லை. 1886இல் கார்த்திகையைச் சுற்றியுள்ள தூசுப் படலத்தின் விரிவைப் படமெடுத்துக் காட்டிய ஐசக் ராபர்ட்ஸ் லிவர்பூலில் கட்டடத் தொழில் நடத்தியவர், அமெச்சூர்தான். அவர் படம் இன்றும் பேசப்படுவது அழகுக்காக மட்டுமில்லை, அது சாட்சி என்பதால். அந்தச் சாட்சி அந்தஸ்து நம்ம படங்களுக்கும் வரணும் என்றால் செலவு அதிகமில்லை. நீள எக்ஸ்போஷரோடு, பிரகாசமான மீன் நிரம்பாத அளவுக்குச் சில விநாடிகளில் ஒரு குறும் எக்ஸ்போஷர் வரிசையும் எடுத்துச் சேர்க்கணும். எடுத்த நேரம், கொத்தின் உயரம், பயன்படுத்திய கருவிகள், கூர்மைப்படுத்தியது உண்டா இல்லையா என்பதை நாலு வரியில் எழுதணும். பதப்படுத்தாத கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளணும்.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த தடவை ஒரு கொத்துப் படம் கண்ணில் பட்டால் எத்தனை மீன் என்று கேட்காதீங்க. இதில் சிவந்த மீன் எது என்று கேளுங்க. எடுத்தவரால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது நல்ல படம்.