வினைச்சொல்லும் சிந்தனைநிலையும்: திருப்பூர்த் தமிழ் வகுப்பறையை முன்வைத்துக் கற்றல் நோக்கங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

கல்லூரித் தமிழ்ப் பாடத்திட்டங்களில் ஒவ்வொரு தாளுக்கும் கற்றல் பயன்கள் வரையறுக்கப்பெற்று, அவற்றின் எதிரே கே1 முதல் கே6 வரையிலான குறியீடுகள் இடப்பெறுகின்றன. பாரதியார் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மாநிலப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் இம்முறையைக் காணலாம். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்னும் ஆறு நிலைகளை இவை குறிக்கின்றன. 1956இல் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு வகுத்ததும், 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் முதலியோர் திருத்தியதுமான பகுப்பே இதன் மூலம். நோக்கத்தில் இடம்பெறும் வினைச்சொல்லே சிந்தனைநிலையைத் தீர்மானித்துவிடும் என்னும் நடைமுறை நம்பிக்கையை இக்கட்டுரை மறுக்கிறது.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் ஒற்றை ஏணியன்று, இருபரிமாண அட்டவணை. ஒருபுறம் ஆறு சிந்தனைச் செயல்கள். மறுபுறம் செய்தியறிவு, கருத்தறிவு, செய்முறையறிவு, தன் சிந்தனை பற்றிய அறிவு என நால்வகை அறிவு. நோக்கம் என்பது வினையும் பெயரும் கூடியது. நம் பாடத்திட்டங்கள் வினையை வைத்துக்கொண்டு பெயரை உதிர்த்துவிட்டன. (புளூம் கூறியதை நன்னூலார் பொதுப்பாயிரத்திலேயே கூறிவிட்டார் என நிறுவும் கட்டுரைகள் இக்குறையைத் தொடுவதே இல்லை.)

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் வெளிவந்த நாவல். திருப்பூரின் சாயக்கழிவுச் சூழலைக் களமாகக் கொண்டது. 'சாயத்திரை காட்டும் சூழலியல் பார்வையை மதிப்பிடுக' என்னும் வினா கே5 எனக் குறிக்கப்பெறும். ஆனால் வினாவிடைக் கையேடு அதற்கு ஐந்து உட்தலைப்புகளைத் தந்து, மாணவர் அவற்றை மனனம் செய்து, திருத்துபவரும் உட்தலைப்புக்கு இரண்டு மதிப்பெண் வீதம் இடுவாராயின், அங்கு நிகழ்வது கே1 மட்டுமே.

இதன் மறுதலையை இக்கட்டுரையாளர் வகுப்பறையில் கண்டதுண்டு. நாவலில் வரும் தொழிலிடங்களைப் பட்டியலிடுமாறு கேட்டபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்தக் கதை எந்த வருசத்துல நடக்குதுங்க? இப்பச் சாயத்தண்ணிய ஆத்துல விட்டா பட்டறைக்குச் சீல் வெச்சிருவாங்களே" என்றார். கழிவுநீர் வெளியேற்றம் அறவே இல்லை என்னும் நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதை அவர் செய்தியாகப் படித்திருக்கவில்லை. வீட்டில் வேலை நின்றுபோனதாகவே கேட்டறிந்திருந்தார். பிரதியின் காலத்தையும் வாசிப்பின் காலத்தையும் எதிரெதிர் நிறுத்திய அவ்வினா மதிப்பிடுதலைச் சார்ந்தது. கே1 வினாவின் விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. அன்று இக்கட்டுரையாளரும் பட்டியலுக்கே திரும்பிவிட்டார்.

பனியன் நிறுவனங்களில் பகுதிநேரமாகப் பணிபுரிந்துகொண்டே பயிலும் மாணவர்கள் 'மேல்நிலைச் சிந்தனை கைவராதவர்கள்' எனத் துறைக்கூட்டங்களில் குறிப்பிடப்படுவதைக் கேட்கிறோம். செக்கிங் பிரிவில் நிற்பவர் ஓர் ஆடையின் துளை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், அளவு வேறுபாடு ஆகியவற்றைச் சில நொடிகளில் கண்டு, ஆல்டரா ரிஜெக்டா எனத் தீர்ப்பளிக்கிறார். திருத்தப்பட்ட பகுப்பு மதிப்பிடுதலைச் சரிபார்த்தல், விமர்சித்தல் என இரண்டாகப் பிரிக்கிறது. வெளியிலிருந்து தரப்பட்ட அளவுகோலுடன் ஒப்பிட்டுத் தீர்ப்பதால், பெயரில் சரிபார்த்தலாக உள்ள இப்பணி இரண்டாவதற்கே நெருக்கமானது. இத்திறன் தானாகவே இலக்கிய வாசிப்புக்குத் தாவிவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆடைக்கு அளவுப் பட்டியல் உண்டு, நாவலுக்கு அத்தகைய பட்டியலை வாசகரே உருவாக்க வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கச் செய்வதே ஆசிரியரின் பணி. மாணவரிடம் மதிப்பிடும் பழக்கமே இல்லை என்று தொடங்கினால் அப்பணி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

எனவே நோக்கத்தைப் பின்வருமாறு எழுதிப் பார்க்கலாம்: '1998ஆம் ஆண்டு நாவல் காட்டும் நொய்யலை 2011 ஆணைக்குப் பிந்தைய நிலையோடு ஒப்பிட்டு, நாவலின் எப்பகுதி இன்று வரலாற்று ஆவணமாகவும் எப்பகுதி இன்றும் குற்றச்சாட்டாகவும் நிற்கிறது என்பதைத் தாமே வகுத்த அளவுகோலின்படி பிரதியிலிருந்து இரு சான்றுகளுடன் நிறுவுதல்.' இங்கு வினையோடு பெயரும் அளவுகோலும் உள்ளன. அறுபது பேர் கொண்ட வகுப்பில் இவ்விடைகளைத் திருத்துவது எளிதன்று. அளவுகோலுக்குத் தனி மதிப்பெண், சான்றுக்குத் தனி மதிப்பெண் எனப் பிரித்தால் ஓரளவு இயலும். அவ்வாறு திருத்தினாலும் குறியீடு நிலைத்திருக்காது. ஒரு நல்ல விடை நகலெடுக்கப்பட்டு அடுத்த அணியைச் சென்றடையும் ஆண்டில், அதே நோக்கத்தின் எதிரே கே1 என்றே எழுத வேண்டியிருக்கும்.